கடற்சுவர் வேலைக்குப் புதிதாக வருகிறீர்களா? இவற்றைச் செய்யாதீர்கள்

சிங்கப்பூர்க் கடற்கரையில் 70 விழுக்காட்டுக்கு மேல் கற்களைச் சரிவாக அடுக்கிய கற்கரையோ கடற்சுவரோதான். அவற்றைச் சோதிக்க வரும் இளையர்கள், நாங்கள் ஒரு காலத்தில் செய்த தவறுகளையே செய்கிறார்கள். படம் எடுக்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். மேலதிகாரி ஒருமுறை திட்டினால் அது சரியாகிவிடும்.

பள்ளத்தில் கான்கிரீட் ஊற்றுவது

இதை நினைத்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. ஒரு கற்கரைக்குப் பின்னால், நடைபாதையில் தட்டு அளவுக்குப் பள்ளம். குத்தகையாளர் கான்கிரீட் போட்டு மூடினார். கொஞ்ச நாளில் பக்கத்திலேயே இன்னொன்று. அதற்கும் கான்கிரீட். கடைசியில் தோண்டினால், அடியில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு வெற்றிடம்! அதன்மேல்தான் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

மண் எங்கே போனது? கடலுக்குத்தான். இங்கே கடல் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அந்த வித்தியாசம் 3 மீட்டரை நெருங்கும். கடல் இறங்கும் வேகத்துக்குக் கரைக்குள் இருக்கும் நிலத்தடி நீர் இறங்காது. கல் இடுக்கு வழியே வெளியே பாயும். கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே விரித்த, நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி கிழிந்திருந்தால், மண்ணையும் இழுத்துக்கொண்டு போகும். நம் கரையோரம் பலவிடங்களில் கடலைத் தூர்த்து எடுத்த நிலம். அந்த மணல் சீனி மாதிரி ஓடிவிடும்.

பள்ளத்தைக் கண்டால் முதலில் கரைக்குக் கீழே இறங்குங்கள். கலங்கல் நீர் கசிகிறதா, கரையைத் தாங்கும் கீழ்வரிசைக் கல்லான அடிக்கல் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். துணி கிழிந்திருந்தால் கற்களை எடுத்து, புதுத் துணி விரித்து, திரும்ப அடுக்கத்தான் வேண்டும். செலவுதான். ஆனால் ஊற்றிய கான்கிரீட்டுக்கெல்லாம் கணக்குப் போட்டுக் காட்டியபோது அந்தக் குத்தகையாளர் வாயே திறக்கவில்லை.

வடிதுளையை அடைப்பது

ஒழுகுகிறதாம். சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர் ஒழுகத்தான் சுவரில் அந்தத் துளையை வைத்தார்கள்.

கடல் ஏறியிருக்கும்போது ஆய்வு

அடிக்கல்லே தெரியாது. போகாதீர்கள்.

உயரத்தை மட்டும் கூட்டுவது

2100க்குள் சராசரிக் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்று 2024ல் வெளியான தேசியப் பருவநிலை ஆய்வு கணித்தது. புதிதாக மீட்கும் நிலத்தின் குறைந்தபட்ச உயரத்தை 2011லேயே சராசரிக் கடல்மட்டத்துக்கு மேல் 3 மீட்டரிலிருந்து 4 ஆக்கிவிட்டார்கள். சரி, சுவரையும் உயர்த்துகிறீர்கள். கடல் ஏறிய நேரத்தில் அடைமழை பிடித்தால், உள்ளே தேங்கும் தண்ணீர் எப்படி வெளியேறும்? மரினா அணைக்கட்டில் 9 மதகுகளோடு 7 ராட்சத பம்புகளும் இருப்பது இதற்காகத்தான். வரைபடத்தில் வடிகால் வாய்க்கு மடைக்கதவு உண்டா, பம்புக்கு இடம் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். உயரத்தை அப்புறம் பேசலாம்.