அப்பா ஏன் பைக்கிலேயே உட்கார்ந்திருக்கிறார்?

பையன் படிக்க மாட்டேன் என்கிறான், போனைப் பிடுங்கினால் கையில் கிடைத்ததைத் தூக்கி எறிகிறான் என்று உளவியல் ஆலோசனை தருகிற என்னிடம் அம்மாவும் பையனும் வருவார்கள். அப்பா வாசலில் பைக்கை விட்டு இறங்கவே மாட்டார். உளவியல் ஆலோசனைக்குப் போகலாமா என்று யோசிக்கிற குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது, முதல் தடவை பையனை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள் என்பதுதான்.

அப்பாவை எப்படிக் கூப்பிடுவது? "உங்களுக்குத்தான் கோபம் ஜாஸ்தி, டாக்டர்கிட்ட காட்டணும்" என்றால் மனுஷன் ஜென்மத்துக்கும் வரமாட்டார். சண்டை ஓய்ந்த ஒரு நாளில், "அவனைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சதை நீங்க வந்து சொன்னாத்தான் சரியா இருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் வேலை முடிந்து வருகிற நேரமாகப் பார்த்து அப்பாயிண்ட்மென்ட் கேளுங்கள்.

வந்த ஆண்களும் 'மனசு சரியில்லை' என்று ஆரம்பிப்பது அபூர்வம். தூக்கம் வரவில்லை, கழுத்து பிடிக்கிறது, ராத்திரி ரெண்டு பெக் இப்போது நாலாகிவிட்டது, இப்படித்தான் வெளியே வரும். அதனால் நானும் தூக்கம், கடன், வேலை என்றே பேச்சை எடுப்பேன். கோபம் ஏறும்போது முதலில் உடம்பில் எங்கே தெரிகிறது என்று கேட்டு, இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறிக்கச் சொல்வேன்: எத்தனை மணி, அதற்கு முன் என்ன நடந்தது, எப்படி முடிந்தது. சாகலாம் என்று தோன்றியிருக்கிறதா என்பதையும் நேராகவே கேட்பேன். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 2022இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள், ஆகவே இதில் கூச்சப்பட்டுக்கொண்டிருக்க முடியாது.

சின்னப் பிள்ளைகளிடம் 'ஏன் அப்படிச் செய்தாய்' என்று கேட்டுப் பயனில்லை, அவர்களுக்கே தெரியாது. பொம்மையும் கிரேயானும்தான் அங்கே பேச்சு. வீட்டில் செய்ய வேண்டியது, தினம் பத்து நிமிஷம் குழந்தை சொல்கிற விளையாட்டை அதன் இஷ்டப்படி கூட விளையாடுவது. திருத்தக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது, ஏ பி சி டி சொல்லித்தரக் கூடாது, முக்கியமாகப் போன் வேறு அறையில் இருக்க வேண்டும். இதை அப்பா செய்தால் ரொம்ப நல்லது. பையன் என் அறையிலிருந்து வெளியே வந்ததும் 'என்ன சொன்னான் உங்ககிட்ட' என்று என்னைத் துருவாதீர்கள், பொதுவாக எப்படி இருக்கிறான் என்று சொல்வேன், அவ்வளவுதான். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் மறைக்க மாட்டேன், பாலியல் கொடுமை என்றால் 2012 போக்சோ சட்டப்படி புகார் தெரிவித்தே ஆக வேண்டும். இரண்டையும் முதல் நாளே பையனிடமும் சொல்லிவிடுவேன்.

அப்புறம் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைக்கும் நாள். யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். அனேகமாகப் பையன் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருப்பான். குடும்ப சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான சால்வடோர் மினுச்சின் இந்த இடத்தில் நாற்காலிகளையே மாற்றிப் போடுவார், நானும் அதைத்தான் செய்கிறேன். 'சாப்பாடு ரெடின்னு உங்கப்பாகிட்ட சொல்லு', 'எனக்குப் பசிக்கலைன்னு உங்கம்மாகிட்ட சொல்லு' என்று எட்டு வயசுப் பையனைத் தபால்காரனாக்கி வைத்திருக்கிற வீட்டில் அவன் படிப்பு எங்கே ஏறும்? ஆகவே முதல் வாரத்து வீட்டுப்பாடம் பெரியவர்களுக்குத்தான்: ஏழு நாள் பிள்ளை வழியாக எந்தச் சேதியும் போகக் கூடாது. ஆனால் அடி, மிரட்டல் இருக்கிற வீடு என்றால் தம்பதியை ஒன்றாக உட்கார வைக்கவே மாட்டேன், தனித்தனியாகத்தான். உதவிக்குக் கூப்பிட பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற எண் இருக்கிறது.

யாரிடம் போவது? இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா என்று பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தப்பில்லை. நாங்கள் மாத்திரை எழுத மாட்டோம், அதற்கு மனநல மருத்துவர். ஒரே சிட்டிங்கில் சரி செய்கிறேன் என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். காசு இல்லையென்றால் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

வரும்போது பள்ளி ரிப்போர்ட் கார்டையும் பழைய மருந்துச் சீட்டுகளையும் எடுத்து வாருங்கள். அப்பா அப்படியும் வாசலிலேயே நின்றால் வற்புறுத்த வேண்டாம், டீ குடிக்கிறீர்களா என்று நானே போய்க் கேட்டுக்கொள்கிறேன்.