துணையாளுக்கும் சேர்த்துக் கேளுங்கள்: முன்னாள் ராணுவ வீரருடன் கேளிக்கைப் பூங்காவுக்கு

என் மாமா ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் காலை நடையில் என்னை முந்திவிடுவார். சில ஆண்டுகளுக்கு முன் வெளியூரில் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போனோம். அவருக்குச் சலுகை கொடுத்தவர்கள், அவரைக் கவனித்துக்கொள்ள வந்த அத்தையிடம் முழுக் கட்டணம் வாங்கினார்கள். உள்ளே ஒவ்வொரு ராட்டினத்திலும் "காலைக் கழற்றுங்கள் சார்" என்றார்கள். முதல்முறை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. எந்த அட்டை எதற்கு

முன்னாள் ராணுவத்தினர் அடையாள அட்டை, அவர் பணியாற்றியதைத்தான் சொல்லும். உடல் குறைபாட்டைச் சொல்லாது. அதற்கு மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யூ.டி.ஐ.டி. அட்டை வேண்டும். ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்தால் மருத்துவமனையில் பரிசோதித்துச் சதவீதம் எழுதுவார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பல சலுகைகளுக்கு 40 சதவீதம்தான் எல்லைக்கோடு.

இங்கே ஒரு குழப்பம் வரும். ராணுவ ஓய்வூதியத்தில் குறைபாட்டை 50, 75, 100 என உயர்த்திக் கணக்கிடுவது உண்டு. அதனால் ஓய்வூதிய ஆணையில் ஒரு எண்ணும் யூ.டி.ஐ.டி. அட்டையில் வேறு எண்ணும் இருக்கலாம். இரண்டையும் சேர்த்து நீட்டினால் கவுன்டரில் இருக்கும் பிள்ளை விழிக்கும். அட்டையை முதலில் கொடுங்கள். ஓய்வூதிய ஆணையில் 'கான்ஸ்டன்ட் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ்' (எப்போதும் துணையாள் தேவைப்படுபவருக்கான படி) இருந்தால் மட்டும் அந்தப் பக்கத்தை நகலெடுத்து வையுங்கள். துணையாள் தேவை என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

2. மூன்று கேள்விகள், எழுத்தில்

பூங்காவுக்குப் பூங்கா விதி மாறும். தொலைபேசியில் கேட்ட "சரி" வாசலில் செல்லாது. மின்னஞ்சலில் இப்படிக் கேளுங்கள்:

"வருபவர் முன்னாள் ராணுவ வீரர், ஒரு கால் செயற்கைக் கால். அவருக்கு என்ன கட்டணம்? உடன் வரும் பராமரிப்பாளருக்கு என்ன கட்டணம்? அவர் எந்தெந்த ராட்டினங்களில் ஏறலாம்?"

முதல் கேள்விக்கு உடனே பதில் வரும். இரண்டாவதைப் பெரும்பாலும் நழுவ விடுவார்கள், விடாமல் கேளுங்கள்.

3. ராட்டினம்

டிக்கெட் சலுகை வேறு, ஏற அனுமதி வேறு. வேகத்தில் செயற்கைக் கால் கழன்று பறந்தால் கீழே நிற்பவருக்கு ஆபத்து. தண்ணீர்ச் சறுக்கில் அதன் உலோகப் பகுதிகள் துருப்பிடிக்கலாம். ஆகவே கழற்றச் சொல்வதில் எனக்குக் கோபமில்லை. முன்பே சொல்லாததில்தான் கோபம். ஊன்றுகோல், செயற்கைக் காலுக்கான மாற்று உறை, பெரிய துண்டு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். அன்று அத்தை கழற்றிய காலைத் துண்டில் சுற்றி, மடியில் குழந்தையைப் போல வைத்துக்கொண்டு, இறங்கும் வழியில் உட்கார்ந்திருந்தார். அந்த வேலைக்கு ஆள் தேவைப்படும்போது அவரை எப்படிப் பார்வையாளர் என்பது?

4. போகும் நாள்

வார நாளாகப் பாருங்கள். பெங்களூரு அருகே பிடதியில் உள்ள வொண்டர்லா பூங்காவுக்கு அல்சூரிலிருந்து போகிறவர்கள், ஊதா மெட்ரோவில் மாறாமல் சல்லகட்டா வரை போய், அங்கிருந்து மைசூரு சாலையில் போகலாம்.

பதில் மின்னஞ்சலைத் தாளில் அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டு, துணையாளின் கையிலேயே கொடுங்கள். நனையும் பகுதிக்குப் போகும்போது போன் பூட்டுப் பெட்டிக்குள் போய்விடும்.