வானுக்குக் குளிர்ப்பெட்டி வாங்குகிறீர்களா? முதலில் லேபிளைப் பாருங்கள்

12 வோல்ட் குளிர்ப்பெட்டி வாங்கும்போது, ‘வெளி வெப்பநிலையிலிருந்து 15 முதல் 20 பாகை வரை குறைக்கும்’ என்று லேபிளில் இருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதை வைத்துவிட்டு வாருங்கள். ‘மறை 18 பாகை’ என்பது போல உள்ளே எட்டும் வெப்பநிலையையே நேராகச் சொல்லும் பெட்டி பெரும்பாலும் வீட்டு ஃபிரிட்ஜில் இருப்பது போன்ற கொம்பிரசர் (குளிரூட்டும் வாயுவை அழுத்தும் இயந்திரம்) உள்ளது. வானுக்கு ஏற்றது அதுதான்.

காரணம் எளிய கணக்கு. சித்திரை வெயிலில் யாழ்ப்பாணத்தில் பூட்டி நிறுத்திய வானுக்குள் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். அதில் 20 கழித்தாலும் மிஞ்சுவது 20. பாலும் மீனும் கெடாமல் இருக்க வேண்டியதோ 5 பாகைக்குக் கீழ். மலிவான பெட்டியில் இருப்பது மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சுடும் சிறு தகடும் விசிறியும் மட்டுமே. நம் வெக்கையில் அது ஓயாமல் ஓடிப் பற்றரியைத் தின்னும். கொம்பிரசரோ தேவையான குளிர் வந்ததும் தானாக நின்றுவிடும். பற்றரி இறங்கும்போது தானே நிற்கும் வசதி உண்டா என்றும் கேளுங்கள். இல்லாவிட்டால் காலையில் வானைத் தள்ள ஆள் தேட வேண்டியிருக்கும்.

நுவரெலியா போன்ற குளிர்ந்த இடத்திலோ, தண்ணீர்ப் போத்தலுக்கு மட்டுமோ என்றால் மலிவான பெட்டியே போதும். ஒருநாள் பயணத்துக்கு இரண்டுமே வீண்செலவு. தடித்த ஐஸ் பெட்டியில் கட்டி ஐஸ் போடுங்கள். தூள் ஐஸ் சீக்கிரம் கரைந்துவிடும்.