முதல் மூன்று மாதம் ஜிம்மில்: மலையகத்துப் புதியவர்களுக்கு

டவுன் ஜிம்மில் பணம் கட்டிச் சேர்ந்து இரண்டு கிழமையில் காணாமல் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். அவர்கள் சோம்பேறிகள் இல்லை. பக்கத்தில் தூக்குகிறவனைப் பார்த்து முதல் நாளே பாரத்தை ஏற்றிவிட்டு, மறுநாள் லயத்துப் படி இறங்க முடியாமல் கிடந்தவர்கள். குறைவாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, விடாமல் போனால் போதும்.

படி 1: ஒரு கொப்பி, ஐந்து பயிற்சி

எல்லாம் பார் எனும் நீண்ட இரும்புத் தண்டோடு: ஸ்குவாட் (தோளில் வைத்து உட்கார்ந்து எழும்புவது), பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் மல்லாந்து படுத்து மேலே தள்ளுவது), ரோ (குனிந்து நின்று வயிற்றுப் பக்கம் இழுப்பது), ஓவர்ஹெட் பிரஸ் (நின்றபடி தலைக்கு மேல் தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து தூக்கி நிமிர்வது). இவ்வளவுதான். கிழமைக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு. ஒரு நாள் ஸ்குவாட், பெஞ்ச், ரோ. அடுத்த முறை போகும்போது ஸ்குவாட், ஓவர்ஹெட், டெட்லிஃப்ட். விடாமல் ஐந்து தடவை செய்தால் ஒரு செட்; அப்படி 3 செட். டெட்லிஃப்ட் மட்டும் 1 செட். செட்டுக்கு இடையில் 2, 3 நிமிடம் உட்காருங்கள். பைசெப்ஸ் (மேற்கைத் தசை) பயிற்சி செய்யாமல் தூக்கம் வராது என்றால் கடைசியில் செய்துகொள்ளுங்கள்.

தூக்கியதை அன்றன்றே கொப்பியில் எழுதுங்கள். பாரின் எடையையும் சேர்க்க வேண்டும். ஒலிம்பிக் பார் 20 கிலோ. சின்ன ஜிம்களில் அதைவிட இலேசான பாரும் இருக்கும், நிறுத்துப் பார்த்துவிடுங்கள்.

படி 2: உடம்பைச் சூடாக்குதல்

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். ஜனவரி விடியலில் பாரைத் தொட்டாலே விரல் விறைக்கும். ஸ்வெட்டரோடு ஐந்து பத்து நிமிடம் வேகமாக நடங்கள், பிறகு வெறும் பார். அன்றைய பாரம் 60 கிலோ என்றால் 20இல் பத்து, 40இல் ஐந்து, 50இல் மூன்று, அதன்பின் 60. ஸ்வெட்டரை அப்போது கழற்றினால் போதும்.

படி 3: டெட்லிஃப்ட்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதுகு பிடிப்பது பெரும்பாலும் இங்கேதான். பாரின் இரு முனையிலும் பெரிய பிளேட் (வட்ட எடைத் தட்டு) போட்டால் பார் தரையிலிருந்து சுமார் 22 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கும். புதியவர் போடும் 5 கிலோ இரும்புப் பிளேட் சின்னது; பார் கணுக்காலுக்கே இறங்கிவிடும், குனிந்தால் முதுகு வளையும். இரண்டு பக்கமும் பிளேட்டுகளை அடுக்கி, அதன் மேல் பாரை வைத்து உயர்த்திக்கொள்ளுங்கள்.

பார் பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே இருக்கட்டும். இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிந்து பிடியுங்கள். கெண்டைக்கால் முன்புறம் பாரைத் தொடும் வரை முழங்காலை மடக்கி, நெஞ்சை நிமிர்த்துங்கள். வயிறு நிறைய மூச்சை இழுத்து, யாரோ குத்த வருவதுபோல வயிற்றை இறுக்குங்கள். இப்போது தரையைக் காலால் தள்ளி எழும்புங்கள். பார் காலை உரசியபடியே மேலே வரவேண்டும். கொழுந்து மூட்டையை லொறியில் ஏற்றுகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? மூட்டையை உடம்போடு அணைத்துத்தான் தூக்குவார். பாரம் தள்ளிப் போகப் போக முதுகுக்குத்தான் சுமை.

ஸ்பொஞ்ச் அடியுள்ள ஓட்டச் சப்பாத்து வேண்டாம். பள்ளிக்கூடக் கென்வஸ் சப்பாத்து அருமையானது.

படி 4: பாரத்தைக் கூட்டுதல்

காயம்பட்ட சிப்பாய்களின் தசையைத் தேற்ற, பாரத்தைப் படிப்படியாகக் கூட்டும் முறையை அமெரிக்க இராணுவ மருத்துவர் தோமஸ் டிலோர்ம் 1945இல் எழுதி வெளியிட்டார். இன்றைக்கும் அடிப்படை அதுதான். எல்லா செட்டும் ஒழுங்காக முடிந்து, இன்னும் ஒன்றிரண்டு தடவை தூக்கலாம் போலிருந்தால் அடுத்த முறை 2.5 கிலோ கூட்டுங்கள். அதற்குப் பக்கத்துக்கு 1.25 கிலோ பிளேட் வேண்டும். பல ஜிம்களில் அது இருக்காது. அப்படியானால் அதே பாரத்தில் ஐந்தை எட்டாக்கிவிட்டு 5 கிலோ கூட்டுங்கள்.

முதல் சில கிழமைகளில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்புகள் பழகுவதால் வருவது. கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. கொப்பியைப் பாருங்கள்.

படி 5: சாப்பாடு

உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 1.6 கிராம் புரதம் போதும். 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். ஆகவே சோற்று மலையைக் கொஞ்சம் குறைத்து பருப்பு, கடலை, நெத்தலி, சோயா மீட்டைக் கூட்டுங்கள். புரத மா டப்பா கட்டாயமில்லை. சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கும் நம்முடைய பழக்கம் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். ஒரு மணித்தியாலம் பொறுங்கள்.

பிரஷர், இருதய வருத்தம் உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

விடுபட்டால்

மண்சரிவில் பாதை அடைபட்டு, அல்லது தீபாவளிக்கு ஊர் போய் இரண்டு மூன்று கிழமை விடுபடும். திரும்பி வரும்போது கொப்பியின் கடைசிப் பாரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத் தொடங்குங்கள். 60 தூக்கியவர் 47.5 அல்லது 50. விட்ட இடத்துக்கு வந்துசேரப் பெரும்பாலும் சில கிழமைதான் எடுக்கும்.