பழ ஈயை வைத்து நரம்பைப் படிப்பது எப்படி?

நன்றாகக் கனிந்த வாழைப்பழத் துண்டொன்றைத் தண்ணீர்ப் போத்தலில் போட்டு, வாயில் கடதாசிக் கூம்பொன்றைச் செருகி, குசினி மூலையில் வையுங்கள். திருகோணமலை வெக்கைக்குப் பழ ஈ வர அதிக நேரம் எடுக்காது. உயர்தர உயிரியல் பிள்ளைகளுக்கு நரம்பையும் பரம்பரையலகையும் நான் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது இங்கிருந்துதான்.

பத்துப் பதினைந்து ஈக்களை வெறும் போத்தலுக்கு மாற்றுங்கள். அடியிலிருந்து 8 சென்ரிமீற்றரில் ஒரு கோடு. போத்தலை மேசையில் தட்டினால் எல்லாம் கீழே விழும், உடனே மேலே ஏறத் தொடங்கும். 10 செக்கனில் கோட்டைத் தாண்டியவை எத்தனை? நாலைந்து தரம் எண்ணிச் சராசரி எடுங்கள். மாற்றும்போது ஃபிரிட்ஜில் வைத்து மயக்கியிருந்தால் அன்றைக்கு எண்ண வேண்டாம். குளிர் பட்ட ஈ மந்தமாகத்தான் ஏறும்.

சரி, மிச்ச வேலை கடதாசியில். ஏறுவதற்கு எந்த நரம்புக்கலங்கள் வேண்டும்?

ஷிபிரே என்ற பரம்பரையலகு டைனமின் புரதத்தை ஆக்குகிறது. நரம்பு முனையில் இரசாயனத்தைக் கொட்டிய நுண்பைகளைத் திரும்ப உள்ளே எடுக்க அது வேண்டும். அதன் ஒரு விகாரம் 29 பாகை செல்சியஸ் அளவில் செயலிழக்கும். பைகள் தீர்ந்ததும் ஈ அப்படியே விழுந்துவிடும். குளிர்ந்தால் சில நிமிஷத்தில் எழும்பும். கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் இங்கே அது மத்தியானம் முழுக்கப் படுத்தே கிடக்கும். ஏசி அறை இல்லாமல் சரிவராது.

முழு ஈயையும் விழுத்தாமல் சில கலங்களை மட்டும் அடக்க, பிராண்டும் பெரிமோனும் 1993இல் வெளியிட்ட கால்4–யூஏஎஸ் முறை இருக்கிறது. கால்4 ஈஸ்டிலிருந்து எடுத்த புரதம். யூஏஎஸ் என்ற டிஎன்ஏ துண்டில் அது ஒட்டினால், அதற்குப் பின்னால் உள்ள பரம்பரையலகு வேலை செய்யத் தொடங்கும். டோபமீன் கலங்களில் (டோபமீன் என்ற இரசாயனத்தால் சேதி அனுப்பும் நரம்புக்கலங்களில்) மட்டும் கால்4 ஆக்கும் ஈயை, யூஏஎஸுக்குப் பின்னால் அந்த விகார ஷிபிரே உள்ள ஈயோடு இணைசேர விடுங்கள். குஞ்சுகளில் டோபமீன் கலங்கள் மட்டுமே சூட்டில் வாயடைக்கும். 22 பாகையிலும் 31 பாகையிலும் ஏறவிட்டு எண்ணுங்கள்.

கால்4 மட்டும் உள்ளவை, யூஏஎஸ் மட்டும் உள்ளவை, இரண்டையும் அதே வெப்பநிலைகளில் எண்ண வேண்டும். சூடே ஏறும் வேகத்தை மாற்றும் அல்லவா? இதை எழுதாத விடைக்கு நான் பாதிப் புள்ளிதான் போடுவேன்.

அப்புறம், அடக்கியபோது ஏறவில்லை என்பதால் அந்தக் கலங்கள்தான் ஏறச் சொல்கின்றன என்று எழுதிவிடாதீர்கள். நடப்பதற்கே அவை தேவைப்படலாம். ஷிபிரேக்குப் பதிலாக ட்ரிப்ஏ1 என்ற, சூட்டில் திறக்கும் அயன் வாய்க்காலை வைத்தால் அதே சூடு கலங்களைத் தூண்டும். அந்த ஈக்களையும் தட்டி எண்ணிப் பார்க்க வேண்டும்.