மலையில் ஓட்ட வேகன் ஆரா? வேரியன்ட் எதுவென்று முதலில் முடிவு பண்ணுங்கள்

கோத்தகிரி பக்கம் அரவேனுவில் எங்கள் வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறும் பாதை முந்நூறு அடிதான் இருக்கும். பழைய 800 சிசி கார் அதில் நாலு பேரோடு ஏறாது. அம்மாவை மட்டும் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் இறங்கி நடப்போம். அடுத்து வேகன் ஆர் என்று வீட்டில் ஒரே நாளில் முடிவாகிவிட்டது. ஆனால் அதே காரில் விலையும் வசதியும் ஏறிக்கொண்டே போகும் வேரியன்ட்டுகளில் எல்எக்ஸ்ஐயா, விஎக்ஸ்ஐயா, இசட்எக்ஸ்ஐயா, அதற்கும் மேலே இசட்எக்ஸ்ஐ பிளஸ்ஸா என்பதில்தான் மூன்று வாரம் போனது.

நான் வைத்துக்கொண்ட கணக்கு ஒன்றுதான்: பிறகு மாட்ட முடியாததற்கு இப்போதே பணம் கொடு, கடையில் கிடைப்பதற்குக் கொடுக்காதே. சீட் கவர், மேட், பாட்டுப் பெட்டி, ரிவர்ஸ் கேமரா எல்லாம் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். இன்ஜினை மாற்ற முடியுமா?

வேகன் ஆரில் வேரியன்ட்டோடு இன்ஜினும் மாறுகிறது. எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ இரண்டிலும் 1 லிட்டர், சுமார் 67 குதிரைத்திறன். இசட்எக்ஸ்ஐயிலிருந்து 1.2 லிட்டர், சுமார் 90. சமவெளியில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத இன்ஜின், ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். மேலே காற்று அடர்த்தி குறைவு. ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. அங்கே அந்த 67, ஐம்பத்துச் சொச்சமாகிவிடும். அதோடு ஆள், அரிசி மூட்டை, ஏசி எல்லாம் சேர்ந்தால் கொண்டை ஊசி வளைவில் முதல் கியருக்கு வந்துதான் ஆக வேண்டும். மைலேஜைக் காட்டி 1 லிட்டரைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். கம்பெனிக் கணக்கில் மேனுவல் கியர் வண்டிக்கு லிட்டருக்கு 1 லிட்டர் இன்ஜின் 24.35, 1.2 லிட்டர் 23.56 கிலோமீட்டர் என்று ஒரு கிலோமீட்டர் கூட வித்தியாசமில்லை. நம் மலையில் இரண்டுமே அந்த எண்ணைத் தொடப்போவதில்லை. சிஎன்ஜி (எரிவாயு) 1 லிட்டரில் மட்டும்தான் வருகிறது, அதில் சக்தி இன்னும் குறைவு. நான் அந்தப் பக்கமே போகவில்லை.

அடுத்தது கண்ணாடி. "ஊட்டிக்காரனுக்கு ஏசி எதுக்கு?" என்று மாமா கேட்டார். குளிருக்கு ஏசி வேண்டாம்தான், ஆனால் மூடுபனிக்கு வேண்டும். ஐப்பசி மழையில் கட்டபெட்டு பக்கம் ஒரு சாயங்காலம், உள்ளே அஞ்சு பேர் மூச்சில் முன் கண்ணாடி பாலாடை மாதிரி மூடிக்கொண்டது. ஒரு கையில் துண்டு, ஒரு கையில் ஸ்டீயரிங் என்று வீடு வந்து சேர்ந்தேன். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடும். ஏசியைப் போட்டு, சூட்டுப் பக்கம் திருப்பி, காற்றைக் கண்ணாடிக்கு விட்டால் ஒரு நிமிஷத்தில் தெளியும்.

பின் கண்ணாடிக்கு அது போதாது. அங்கே டிஃபாகர் கோடுகளும் (கண்ணாடியைச் சூடாக்கிப் பனியை விரட்டும் கம்பிகள்) வைப்பரும் வேண்டும். கோடுகள் கண்ணாடியோடு வருபவை, பிறகு மாட்டுவது லேசில்லை. விஎக்ஸ்ஐ பார்த்துவிட்டு இசட்எக்ஸ்ஐக்கு நான் தாவியதற்குப் பாதிக் காரணம் இதுதான். பனி விளக்கை வெளியே மாட்டிக்கொள்ளலாம், ஆனால் ஒயரை வெட்டி ஒட்டாமல் மாட்டுகிற ஆளாகப் பாருங்கள்.

கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத ஆட்டோ கியர் வேரியன்ட்டோடு ஹில் ஹோல்டும் வருகிறது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் வண்டி இரண்டு விநாடி பின்னால் உருளாது. கோத்தகிரி மார்க்கெட் ஏற்றத்தில் பின்னால் ஆட்டோ ஒட்டி நிற்கும்போது அது பெரிய நிம்மதி. ஆனால் ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம் இருந்தால் கிளட்ச் சூடாகிவிடும். இறக்கத்தில் அதே ஆட்டோ கியரை மேனுவல் மோடுக்கு மாற்றி இரண்டாம் கியரில் பிடிக்கவும் தெரிய வேண்டும். எனக்குக் கால் இன்னும் நன்றாக இருக்கிறது, கிளட்ச் மிதிக்கும் மேனுவல் வண்டியே எடுத்தேன்.

பிளஸ்ஸில் அலாய் வீல், இரட்டை வண்ணம். மகள் ஆசைப்பட்டாள், நான் மசியவில்லை. ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையான காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 13 சதவீதம். வேரியன்ட் விலை ஏறினால் வரியும் இன்ஷூரன்ஸும் கூடவே ஏறும். அதனால் ஷோரூம் விலையைப் பார்க்காமல், வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையை எழுதி வாங்குங்கள். நான் போன இடத்தில் கேட்காமலே ஒரு ஆக்சஸரி பேக்கைச் சேர்த்திருந்தார்கள். அதை அடிக்கச் சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

டெஸ்ட் டிரைவுக்குச் சமதளத்தில் ஒரு சுற்று போதாது. மேட்டுப்பாளையம் வந்து, கோத்தகிரி ரோட்டில் முதல் கொண்டை ஊசி வளைவு தாண்டும்வரை, நாலு பேரோடு, ஏசியைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். விற்பனைப் பையன் முகம் சுளிப்பான், பரவாயில்லை. இரண்டு இன்ஜினையும் ஒரே நாளில் ஓட்டினால் என்னிடம் கேட்க வேண்டியிருக்காது.

டெலிவரி அன்று மாலை, படம் எடுப்பதற்கு முன்னால், பின் கண்ணாடியில் வாயால் ஊதி டிஃபாகரைப் போட்டுப் பாருங்கள். கோடு கோடாகத் தெளிந்தால் சாவியை வாங்கலாம்.