இணையத் திறந்த கவியரங்கில் வாசிக்க ஆயத்தமாவது எப்படி?

கிழக்கிலங்கையின் மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் கவியரங்கு புதிதன்று. மேடையில் நல்லதோர் அடி விழுந்தால் சபையிலிருந்து ‘மீண்டும்’ என்று குரல் எழும். கவிஞர் அந்த அடியைத் திரும்பச் சொல்லிவிட்டே அடுத்ததற்குச் செல்வார். பெயர் கொடுத்தவர் எவரும் வாசிக்கலாம் என்ற ஏற்பாட்டுடன் சூம் வழியாக நடக்கும் திறந்த கவியரங்கில் கேட்போரின் ஒலிவாங்கிகள் அடைக்கப்பட்டிருப்பதால் அந்தக் குரல் வராது; அரட்டைப் பெட்டியில் வரும் பாராட்டும் அடி கடந்த பிறகே வந்து சேரும். புதியவர்களைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் இந்த அமைதிதான். ஆகவே ஆயத்தத்தையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

எந்த அடியை இருமுறை சொல்வது என்பதைச் சபை தீர்மானிக்காது என்பதால், அதனை நீங்களே முன்கூட்டித் தீர்மானித்துக் கொப்பியில் கோடிட்டுக்கொள்ளுங்கள். ஒரு கவிதையில் இரண்டு இடங்களுக்கு மேல் வேண்டாம். மூச்சு எடுக்கும் இடங்களையும் குறியுங்கள். இணைப்பு பலவீனமாகும்போது ஓரிரு சொற்கள் விழுங்கப்படுவது வழக்கமாதலால், மேடையில் வாசிக்கும் வேகத்தைவிடச் சற்றுக் குறைத்தே வாசிக்க வேண்டும். நான்கு நிமிடம் தரப்பட்டிருந்தால் மூன்றரை நிமிடத்தில் முடியும் கவிதையைத் தேர்ந்து, கைத்தொலைபேசியின் நேரமானியை வைத்து உரத்து வாசித்துப் பாருங்கள். மனதுக்குள் வாசித்துக் கணிக்கும் நேரம் எப்போதும் குறைவாகவே வரும். வட்டை (வயல்வெளி), வாடி (தற்காலிகக் குடில்) போன்ற நம் பக்கத்துச் சொற்கள் கவிதையின் மையத்தில் இருந்து, கேட்போரில் வெளியூரார் பலர் இருப்பின், வாசிக்கத் தொடங்குமுன் ஒரே வாக்கியத்தில் விளக்கிவிடலாம். கவிதை பிறந்த கதையைச் சொல்லத் தொடங்கினால் நேரம் அங்கேயே தீர்ந்துவிடும்.

நம்மிற் பெரும்பாலானோர் கைத்தொலைபேசியிலேயே இணைகிறோம். அதே தொலைபேசியில் கவிதையையும் திறந்து வாசிக்க முயல வேண்டாம்: வேறொரு செயலிக்கு மாறியவுடன் சூமில் உங்கள் முகம் மறைந்துவிடும், திரும்பி வருவதற்குள் அடியும் தவறிவிடும். பெரிய எழுத்தில் தாளில் எழுதி, கமெராவின் உயரத்துக்குப் பிடித்துக்கொள்வதே நலம். இடையில் அழைப்பொன்று வந்தால் ஒலிவாங்கி அதன் வசமாகிவிடலாம் என்பதால், ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ என்ற அமைப்பை முன்னரே இயக்கிவிடுங்கள். புளூடூத் கருவியைவிட வயருடன் கூடிய சாதாரண ஹெட்செட் குரலைத் தெளிவாகக் கொண்டுசெல்லும். ஒரே அறையில் இருவர் தனித்தனித் தொலைபேசிகளில் இணைந்தால் எதிரொலி கிளம்பும். ஒருவர் ஒலியை முற்றாக நிறுத்த வேண்டும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைமழை தகரக் கூரையில் விழத் தொடங்கினால் எந்த ஹெட்செட்டும் காப்பாற்றாது. கூரைக்குக் கீழே சீலிங் உள்ள அறை இருந்தால் அங்கே அமருங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் ஊர்களில் கோயில் ஒலிபெருக்கியும் போட்டிக்கு வரும். பின்னணி இரைச்சலை சூம் தானாகவே குறைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த வசதி, இழுத்துப் பாடும் ஓசையையும் தாளத்தையும் இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து நாட்டார் கவியை இசையோடு பாட விரும்புபவர் ஒலி அமைப்பில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்பதைத் தெரிவு செய்து, அமைதியான அறையில் அமர வேண்டும்.

ஒழுங்கமைப்பாளருக்கான முதல் முடிவு நேரம் பற்றியது. மஃரிப் எனும் அந்தித் தொழுகைக்கும் இஷா எனும் இரவுத் தொழுகைக்கும் இடைப்பட்ட நேரத்தில் வைத்தால் கல்முனை, காத்தான்குடிக் கவிஞர்கள் அவசரத்தில் இருப்பார்கள்; இரவு 8 மணி பொதுவாகப் பொருந்தும், நோன்பு மாதத்தில் தராவீஹ் எனும் சிறப்புத் தொழுகை முடிந்த பிறகு வைக்கலாம். நமக்கு இரவு 8 மணி என்றால் இலண்டனில் குளிர்காலத்தில் பிற்பகல் 2.30, கோடையில் 3.30; ரொறன்ரோவில் முறையே காலை 9.30, 10.30. இலண்டனில் கடிகாரம் மாறுவது மார்ச், ஒக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில். ரொறன்ரோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். இடைப்பட்ட வாரங்களில் வழமையான கணக்குப் பிசகும் என்பதால் அழைப்பிதழில் மூன்று நேரங்களையும் எழுதிவிடுங்கள். மெல்பேர்னில் அப்போது நள்ளிரவு கடந்திருக்கும், அங்குள்ளோருக்குப் பதிவுதான்.

கட்டணமில்லாச் சூம் கூட்டம் 40 நிமிடங்களில் நின்றுவிடும். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, நன்றியுரை என்ற நம் மேடை வழக்கத்தை அப்படியே கொண்டுவந்தால் கவிதைக்கு மிஞ்சுவது பத்து நிமிடம்தான். வாழ்த்துரையைத் தயக்கமின்றி நீக்கலாம் என்பது என் கருத்து. வாழ்த்த விரும்புபவர் வட்ஸ்அப் குழுவில் வாழ்த்தட்டும். ஏழு கவிஞர்களுக்கு நான்கு நிமிடம் வீதம் கொடுத்தால் 28 நிமிடம். எஞ்சியது அறிமுகத்துக்கும் அறுந்துபோன இணைப்புகளுக்கும். அறுந்தவரின் பெயரைப் பட்டியலின் கடைசிக்கு மாற்றி, அடுத்தவரை உடனே அழைக்க வேண்டும். இணைப்பைப் பொதுவெளியில் பகிர்ந்திருந்தால் காத்திருப்பு அறையை இயக்கி, திரையைப் பகிரும் உரிமையை ஒழுங்கமைப்பாளரிடம் மட்டும் வைத்திருங்கள். ஒவ்வொருவரும் வாசித்து முடித்ததும் தலைவர் மாத்திரமேனும் தம் ஒலிவாங்கியைத் திறந்து, கவிதையிலிருந்து ஓர் அடியைத் திருப்பிச் சொல்லிப் பாராட்டட்டும்.

பதிவை யூடியூப்பில் ஏற்றுவதானால் கவிஞர்களிடம் முன்னரே சம்மதம் பெறுவது கட்டாயம். ஏற்கனவே வெளிவந்த படைப்புகளைச் சில சஞ்சிகைகளும் போட்டிகளும் ஏற்பதில்லை. பொதுவில் உள்ள காணொளியையும் அவை வெளியீடாகக் கருதக்கூடும். அத்தகைய இடத்துக்கு அனுப்பவிருக்கும் கவிதையை வாசிக்க நேர்ந்தால், அந்தப் பகுதியைப் பதிவிலிருந்து வெட்டிவிடுமாறு நிகழ்ச்சிக்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.